அடுத்த ஊரடங்கில் அரசுப் பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும்?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்குமான 21 நாள் ஊரடங்கைப் பிரதமர் அன்று இரவு அறிவித்தார். திருப்பூரில் பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் சம்பளம் சனிக்கிழமைதான். திங்களும் செவ்வாயும் தைத்த பீஸ்களுக்கான கூலி கணக்கு நோட்டில் ஏறியிருந்தது. சனிக்கிழமை கம்பெனி திறக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் திறக்கவில்லை.

பெருந்தொற்று ஒன்று மறுபடியும் வந்து இயந்திரங்கள் நின்றுபோனால், வேலையையும் தொழிலையும் காப்பாற்ற அரசுக்கு நான்கு வழிகள் உண்டு. தொழில் நடத்துபவருக்குக் கடன் தரலாம். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கலாம். குடும்பங்களுக்கு ரொக்கம் கொடுக்கலாம். அரசே வேலை கொடுக்கலாம். நான்கையும் ஏதாவது ஒரு நாடு 2020-21இல் செய்து பார்த்துவிட்டது. ஆகவே இனி ஊகத்தில் பேச வேண்டியதில்லை. பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது, யார் விடுபட்டார்கள், கதவு திறந்தபோது வேலை மிஞ்சியிருந்ததா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்கலாம்.

கடன்: இந்தியா தேர்ந்த வழி

மத்திய அரசு அதிகம் நம்பியது கடனைத்தான். 2020 மே 12 அன்று 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விவரித்த முதல் பகுதியில் நடுநாயகமாக இருந்தது, சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அடமானம் தேவையில்லை, உத்தரவாதம் முழுக்க அரசுடையது. வங்கியில் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அசலை முதல் ஓராண்டு கட்ட வேண்டாம், மொத்தம் நான்கு ஆண்டுகளில் அடைத்தால் போதும்.

இதைப் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஒரு சிறு ஜாப் வொர்க் யூனிட்டில் பொருத்திப் பார்க்கலாம். வாடகைக் கட்டடம், பவர் டேபிள் எனப்படும் மின்சாரத் தையல் மெஷின் வரிசை, 20 பேர். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர்களும் செக்கிங், மடிப்பு வேலைப் பெண்களும் சேர்த்து ஆளுக்கு வாரம் சராசரியாக 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரக் கூலி 60,000 ரூபாய். வங்கியில் 10 லட்சம் ரூபாய் கடன் நிலுவை இருந்தால், இந்தத் திட்டத்தில் 2 லட்சம் கிடைக்கும். கூலிக்கு மட்டுமே செலவழித்தாலும் அது மூன்று வாரம் தாங்கும். அதற்குள் வாடகையும் மின் இணைப்பின் நிலைக் கட்டணமும் கேட்டு நிற்கும். ஓராண்டு கழித்து அசலும் வட்டியுமாக மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் மூன்று ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும். அந்தத் தவணை தொடங்கிய 2021இல் நூல் விலை ஏறத் தொடங்கியது. 2022 மே மாதம் ஊரே தொழிலை நிறுத்திப் போராடும் அளவுக்கு அது போய்விட்டது.

கடனால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்தத் திட்டம் 13.5 லட்சம் நிறுவனங்களை வாராக்கடன் பட்டியலில் விழாமல் காத்தது என்று ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2022 ஜனவரியில் மதிப்பிட்டது. பஞ்சு, நூல் வாங்க நடைமுறை மூலதனம் இல்லாமல் தவித்த ஏற்றுமதியாளர்களுக்கு அது உயிர் கொடுத்தது உண்மை. ஆனால் தைக்காத துணிக்கு யாரும் பணம் தரப்போவதில்லை. நின்றுபோன வாரங்களின் வருமானம் போனது போனதுதான். அந்த இழப்பைக் கடன் அடைப்பதில்லை, அடுத்த நான்கு ஆண்டு வருமானத்தின் மேல் சுமத்துகிறது. வங்கிப் பக்கமே போகாமல் பைனான்ஸ்காரரிடம் வாரவட்டிக்கு வாங்கித் தொழில் நடத்தியவருக்கு பிப்ரவரி 29 அன்று வங்கி நிலுவை எதுவும் கிடையாது. எனவே கூடுதல் கடனும் கிடையாது. மிகச் சிறியவரும் மிக நலிந்தவரும் முதலிலேயே வெளியே நின்றார்கள்.

மூன்று கேள்விகளிலும் தொழிலாளியைப் பொறுத்தவரை கடன் தோற்கிறது. கடன் வாங்கியவர் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனைகூடத் திட்டத்தில் இல்லை.

சம்பளத்தில் பங்கு

இந்தியாவில் சம்பளம் பற்றி ஓர் உத்தரவு வந்தது. ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தமில்லாமல் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. பணத்துக்கு வழி சொல்லவில்லை. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அதுவரை முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்றும் சொன்னது. வேலை இல்லாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த தொழிலாளி எந்த பலத்தில் பேசுவார்?

அதே நாட்களில் வேறு நாடுகள் பணத்துடன் வந்தன. பிரிட்டன் மார்ச் 20 அன்றே அறிவித்தது: வேலைக்கு வராவிட்டாலும் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசு தரும். 2021 செப்டம்பர் வரை ஓடிய அந்தத் திட்டம் 1.17 கோடி வேலைகளைத் தாங்கியது. செலவு சுமார் 7,000 கோடி பவுண்டு. ஜெர்மனியில் இது புதிதல்ல. வேலை நேரம் குறைந்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டு நிதியே தரும். பெருந்தொற்றில் நாள் நீள நீள அது 80, 87 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் அந்தக் குடையின் கீழ் இருந்தார்கள். அமெரிக்கா ஆட்களை வேலையிலிருந்து போக விட்டு, வேலையின்மை உதவியைக் கூட்டித் தந்தது. அங்கே வேலையின்மை அந்த ஏப்ரலில் 14.7 சதவீதத்தைத் தொட்டது. ஜெர்மனியில் அது 7 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இந்த வேறுபாட்டைத் திருப்பூர்க்காரர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மே மாதம் சிறப்பு ரயில்களில் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் தொழிலாளர்கள் கிளம்பிப் போனார்கள். ஆர்டர் திரும்பியபோது ஆள் இல்லை. டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் ஆள் எல்லாம் ஒரே லைனில் பழகிய கூட்டம். அது கலைந்தால் புது ஆளை வைத்து அதே வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். பாதிச் சம்பளமாவது கையில் விழுந்திருந்தால் எத்தனையோ பேர் அறையைக் காலி செய்யாமல் இருந்திருப்பார்கள். ஆளும் தொழிலும் பிரியாமல் இருப்பதற்கு அரசு தரும் விலை என்றே சம்பள மானியத்தைக் கொள்ளலாம். எனக்கு அது நியாயமான விலையாகத் தெரிகிறது.

ஆனால் பணம் முதலாளி வழியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்கா ஏறக்குறைய 80,000 கோடி டாலரைச் சிறு நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுத்து, பெரும்பங்கைச் சம்பளத்துக்குச் செலவழித்தால் தள்ளுபடி என்றது. வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் 23 முதல் 34 சதவீதம் மட்டுமே என்று பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் சக ஆய்வாளர்களும் கணித்தார்கள். மீதியில் பெரும்பகுதி உடைமையாளர்களிடமும் பங்குதாரர்களிடமும் தங்கியது.

சிங்கப்பூர் மிக விரைவாகச் செய்தது. மத்திய சேமநிதிக் கணக்கில் ஏற்கெனவே இருந்த சம்பள விவரத்தை வைத்து, விண்ணப்பமே இல்லாமல் நிறுவனங்களுக்குப் பணம் அனுப்பியது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் எல்லாத் துறைகளுக்கும் முதல் 4,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் 75 சதவீதம். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். விடுதிகளில் அடைபட்டிருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற தீர்வையைத் தள்ளுபடி செய்து, ஆளுக்கு 750 வெள்ளியும் தந்தார்கள். அதுவும் போனது முதலாளிக்குத்தான். எந்தப் பட்டியலை வைத்துக் கொடுக்கிறோமோ அதில் இல்லாதவர் பசியோடு இருப்பார் என்பதற்குப் பணக்கார நாடும் விலக்கில்லை.

நமக்கு மிக நெருக்கமான பாடம் பங்களாதேஷில் இருக்கிறது. அதே பின்னலாடை, அதே ஐரோப்பிய வாங்குவோர், ரத்தான அதே ஆர்டர்கள். 2020 மார்ச் 25 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா ஏற்றுமதித் தொழில்களின் சம்பளத்துக்காக 5,000 கோடி டாக்கா அறிவித்தார். வட்டி கிடையாது, 2 சதவீதச் சேவைக் கட்டணம் மட்டும். இதுவும் கடன்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: பணம் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கோ பிகாஷ் போன்ற கைபேசிக் கணக்குக்கோ நேரே போக வேண்டும், முதலாளி கையில் தரப்படாது. அதற்காகவே சில வாரங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கைபேசிக் கணக்குகள் திறக்கப்பட்டன. குறைகள் இருந்தன. நேரடியாக ஏற்றுமதி செய்யாத சிறு பட்டறைகள் வெளியே நின்றன, மூடிக் கிடந்த நாட்களுக்கு முழுச் சம்பளமும் வரவில்லை. ஆனாலும் கடனைச் சம்பளமாகவே போய்ச் சேர வைத்தார்கள். நம்மைவிட வருவாய் குறைந்த அரசு செய்த வேலை இது.

இந்தியாவில் இதற்கு ஈடாக இருந்தது வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்.பில், தந்த சலுகை. 100 பேர் வரை வேலை செய்யும், அவர்களில் 90 சதவீதத்தினர் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கும் நிறுவனங்களுக்கு, தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம் இரண்டையும் அரசு கட்டியது. முதலில் மூன்று மாதம், பிறகு 2020 ஆகஸ்ட் வரை. 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இது 2,880 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பளம் போட்டால்தான் பி.எஃப். உண்டு. கம்பெனி மூடியிருந்த ஏப்ரலில் சம்பளமே போடாத இடத்தில் அரசு கட்டுவதற்கு எதுவும் இல்லை. 101 பேர் இருந்தால் அதுவும் இல்லை. தேவை மிக அதிகமாக இருந்த மாதத்தில் மிகக் குறைவாக வேலை செய்த திட்டம் என்று இதைச் சொல்வேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு திட்டம், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் இருந்தது. வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை சராசரி ஊதியத்தில் 25 சதவீதம் தரும் அந்தத் திட்டத்தை 2020 ஆகஸ்டில் 50 சதவீதமாக உயர்த்தி, மார்ச் 24 முதலே பொருந்தும் என்றார்கள். முதலாளி மூலமாக அல்லாமல் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் நேராக விண்ணப்பிக்கலாம் என்றும் மாற்றினார்கள். வடிவம் மிகச் சரி. வந்த நேரம்தான் தவறு: ஊரடங்கு தொடங்கி ஐந்து மாதம் கழித்து அறிவித்தால், அதற்குள் தாலியை அடகு வைத்தவர் வைத்துவிட்டார், ஊருக்குப் போனவர் போய்விட்டார். வேலை போய்விட்டது என்று காட்ட வேண்டும் என்பதும் ஒரு சிக்கல். பெயரளவில் வேலையில் இருந்துகொண்டு சம்பளம் இல்லாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலோர்.

ரொக்கம்

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சவில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் என்று எடப்பாடி பழனிசாமி அரசு 2020 மார்ச் 24 அன்றே அறிவித்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், தேதியும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றதும் போட்ட முதல் கையெழுத்து 4,000 ரூபாய் நிவாரணத்துக்கு. மே மாதம் 2,000, ஜூனில் 2,000, கூடவே 14 மளிகைப் பொருட்கள். ஒரு தவணைக்குச் சுமார் 2.07 கோடி அட்டைகள், 4,153 கோடி ரூபாய். யாருடைய சம்பளச் சீட்டும் தேவைப்படவில்லை. பூ விற்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், ஆட்டோ ஓட்டுபவர், பீஸ் ரேட் டெய்லர் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாளி என்று ஒருவரே இல்லாதவர்களை எட்டும் வழி இது ஒன்றுதான். பிரேசில் மாதம் 600 ரியால் வீதம் 6 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்தபோது, பெருந்தொற்றின் நடுவிலும் அங்கே வறுமை குறைந்தது.

ஆனால் தொகையைப் பாருங்கள். வாரம் 3,000 ரூபாய் சம்பாதிக்கும் டெய்லருக்கு 1,000 ரூபாய் என்பது இரண்டு நாள் கூலி. பசியை ஒத்திப்போட அது போதும், வாடகைக்குப் போதாது. கம்பெனிக்கும் அவருக்கும் உள்ள உறவை அது தொடுவதே இல்லை. அட்டை ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ இருந்தவருக்கு அந்த 1,000 ரூபாயும் கிடையாது. எந்த மாநில அட்டைக்கும் எங்கும் ரேஷன் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில்தான்.

வேலை

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வழக்கமான ஒதுக்கீட்டுடன் 2020 மே மாதம் மேலும் 40,000 கோடி ரூபாய் சேர்க்கப்பட்டது. 2020-21இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது, அதற்கு முந்தைய ஆண்டில் 265 கோடிதான். ஊர் திரும்பியவர்களைக் கிராமங்களில் அது தாங்கியது என்பதில் சந்தேகமே இல்லை. அன்று தமிழ்நாட்டில் நாள் கூலி 256 ரூபாய். ஆனால் மாநகராட்சிக்குள் அந்தத் திட்டம் இருக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2020 செப்டம்பரில் தமிழக அரசுக்குத் தந்த அறிக்கையில் நகர்ப்புறத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றது. 2022இல் 100 கோடி ரூபாயில் சோதனை முயற்சியாக அது தொடங்கியது. மற்றபடி, தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஆட்களைக் கூட்டி வேலை வாங்கவே கூடாது. இது மீட்சிக் காலத்துக்கான வழி, ஊரடங்குக் காலத்துக்கானது அல்ல.

என் தேர்வு

முதல் வாரத்தில் ரொக்கம், இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குத் தொழிலாளியின் கணக்கில் நேரடியாகப் பாதிச் சம்பளம். கடன், கதவு திறந்த பிறகு நூலும் துணியும் வாங்க மட்டும். இந்த வரிசை மாறக் கூடாது. 2020இல் கடன் முன்னே வந்தது, சம்பளம் வரவே இல்லை.

பாதிச் சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. பதிவேட்டையே எடுத்துக்கொள்ளலாம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதில் இருக்கிறார்கள், ஊதிய விவரம் மாதா மாதம் ஏறுகிறது, எந்த மாநிலத்திலிருந்து வந்தவர் என்ற பேதம் அதில் இல்லை. வேலை போனதற்குச் சான்று கேட்கக் கூடாது. ஊரடங்குக்கு முந்தைய மாதம் பதிவில் இருந்தவர் என்றால் போதும். முதலாளிக்கு இதில் பணம் கிடையாது. அதற்குப் பதிலாக மூடியிருக்கும் நாட்களுக்கு மின்சார நிலைக் கட்டணமும் பழைய கடனுக்கான வட்டியும் தள்ளுபடி. 2020இல் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைத்தபோது வட்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அது திரும்பவும் நடக்கக் கூடாது.

செலவு? மாதச் சம்பளம் 12,000 என்று கொண்டால் பாதி 6,000. பத்து லட்சம் தொழிலாளர்களுக்கு மாதம் 600 கோடி, மூன்று மாதத்துக்கு 1,800 கோடி. 2021 மே மாதத்தின் ஒரு தவணை நிவாரணத்துக்கு ஆன 4,153 கோடியில் இது பாதிகூட இல்லை. ஆனாலும் இதை மாநிலத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. 2020 மே மாதம் மாநிலங்களின் கடன் வரம்பை அவற்றின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியபோது, அரை சதவீதத்துக்கு மட்டுமே நிபந்தனை இல்லை. மீதியைப் பெற மத்திய அரசு சொன்ன சீர்திருத்தங்களைச் செய்ய வேண்டியிருந்தது. கடன் வாங்கும் முழு வலிமை உள்ள மத்திய அரசுதான் இந்தச் செலவை ஏற்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. நிதி தொழிலாளர்களின் மருத்துவத்துக்கான பணம், அதைக் கரைத்துவிட்டுத் திருப்பி நிரப்பாமல் போகவும் கூடாது.

இதற்கு வரும் மிக வலுவான மறுப்பு, பதிவேட்டிலேயே இல்லாதவர்கள் கதி என்ன என்பது. பத்துப் பேருக்குக் குறைந்த பவர் டேபிள் பட்டறைகளுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. பத்துக்கு மேல் இருந்தும் பெயரைக் காட்டாத இடங்கள் எத்தனையோ. 2020இல் இதற்குப் பதில் இல்லை, இப்போது ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் இல்லாத தொழிலாளர்களுக்காகவே ஏற்பட்டது. ஒன்றில் இல்லாதவர் மற்றொன்றில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, யாருடைய வங்கிக் கணக்கு செயலிழந்திருக்கிறது, யார் எதிலும் இல்லை என்று தொழிலாளர் துறை தொழில் நகரங்களில் இப்போதே தெருத் தெருவாகச் சரிபார்க்கலாம். இ-ஷ்ரமில் ஊதியப் பதிவு இல்லாததால் அவர்களுக்குச் சம்பளக் கணக்கு போட முடியாது. மாதம் 6,000 ரூபாய் என்று ஒரே தொகையாகக் கொடுத்துவிடலாம்.

பதிவைக் கூட்டுவதற்கு ஊரடங்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் சேர்த்தால் தொழிலாளிக்கு 0.75 சதவீதமும் முதலாளிக்கு 3.25 சதவீதமும் பிடித்தம். சம்பள வாரத்தில் கைக்கு வரும் தொகை குறைகிறதே என்று பல டெய்லர்களே வேண்டாம் என்று சொல்வதுண்டு. 3,000 ரூபாய்க்கு 22 ரூபாய் 50 காசு. மூடிக் கிடக்கும் மூன்று மாதத்துக்குப் பாதிச் சம்பளம் உறுதி என்று சட்டத்தில் எழுதிவைத்தால், அந்த 22 ரூபாயைத் தர அவர்களே முன்வருவார்கள்.